குடும்பத்துக்கான ஆயுள் காப்பீடும் தீவிர நோய்க் காப்பீடும்: எந்த வரிசையில், எப்படி எடுப்பது

ஆயுள் காப்பீட்டில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை வரிசை பிறழ்வதால் வந்தவை. முகவர் ஒரு திட்டத்தோடு வீட்டுக்கு வருகிறார். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்கிறார். அந்தத் தவணைக்கு எவ்வளவு காப்புத் தொகை கிடைக்கிறதோ அதை ஏற்றுக்கொண்டு, அவர் பென்சிலால் குறியிட்ட இடங்களில் கையெழுத்திட்டுக் கொடுக்கிறோம். குடும்பத்துக்கு எவ்வளவு தேவை என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் விண்ணப்பம் நிரப்பவும், இறப்புக்குப் பின் கிளெய்ம், அதாவது காப்புப் பணத்தைக் கோரும், தாள்களைச் சேர்க்கவும் பல ஆண்டுகளாக உடனிருந்து வருகிறேன். பணம் வருமா வராதா என்பது பெரும்பாலும் விண்ணப்பத்தை நிரப்பிய அன்றே முடிவாகிவிடுகிறது என்பதை அந்த அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ஆகவே கீழே உள்ள படிகளில் ஏழாவதை மட்டும் எக்காரணம் கொண்டும் அவசரத்தில் முடிக்க வேண்டாம்.

1. முதலில் தாள்களில் உள்ள பெயரைச் சரிசெய்யுங்கள்

ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகியவற்றை ஒரே மேசையில் பரப்பி, பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். நம் பகுதியில் இது அரிதாகவே ஒத்துப்போகும். ஞானஸ்நானப் பெயர் ஒன்றாகவும் பள்ளிப் பெயர் இன்னொன்றாகவும் இருக்கும். ஒரு தாளில் தலைப்பெழுத்து இருக்கும். மற்றொன்றில் அதுவே தந்தையின் முழுப் பெயராக விரிந்திருக்கும். திருமணத்துக்குப் பின் மனைவியின் ஆதாரில் கணவர் பெயர் சேர்ந்திருக்க, வங்கிக் கணக்கில் தந்தையின் தலைப்பெழுத்தே நிற்கும்.

காப்பீடு எடுப்பவரின் பெயரைப் போலவே பணத்தைப் பெறப்போகும் மனைவியின் பெயரும் முக்கியம். பாலிசியில் ஒரு விதமாகவும் வங்கிக் கணக்கில் வேறு விதமாகவும் இருந்தால், கணவரை இழந்த நிலையில் அவர் தாலுகா அலுவலகத்துக்கும் நோட்டரிக்கும் நடக்க வேண்டியிருக்கும். அந்த அலைச்சலை இன்றே ஒரு திருத்த விண்ணப்பத்தால் தவிர்த்துவிடலாம்.

வருமானத்துக்கான சான்றும் வேண்டும். சம்பளக்காரர்களுக்கு, வேலை கொடுப்பவர் தரும் சம்பள, வரிச் சான்றான படிவம் 16 போதும். கடை வைத்திருப்பவர்கள், கொத்தனார்கள், வாகன உரிமையாளர்கள் ஆகியோரிடம் நிறுவனங்கள் பெரும்பாலும் வருமான வரிக் கணக்கையே கேட்கின்றன. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்து வைப்பது நல்லது. சான்று இல்லாதவர்களுக்குப் பெரிய காப்புத் தொகை கிடைப்பதில்லை.

2. வீட்டில் ஏற்கெனவே உள்ளதைக் கணக்கெடுங்கள்

கருங்கல் பக்கம் ஒரு வீட்டில், பழைய பிஸ்கட் டின் ஒன்றிலிருந்து பாலிசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினோம். ரப்பர் ஷீட் விற்ற சீட்டுகளுக்கும் நகைக்கடன் ரசீதுகளுக்கும் இடையில் ஏழு பாலிசிகள் இருந்தன. ஆண்டுக்கு 84,000 ரூபாய் தவணை கட்டி வந்தார்கள். ஏழையும் கூட்டியபோது, சம்பாதிப்பவர் இறந்தால் கிடைக்கும் தொகை 11 லட்சம் ரூபாயாக இருந்தது. வீட்டுக் கடன் பாக்கி மட்டுமே 14 லட்சம். இரண்டு பாலிசிகள் பிள்ளைகளின் உயிர்மீது எடுக்கப்பட்டிருந்தன. அந்தக் கூட்டுத்தொகையைப் பார்க்கும்வரை, தாங்கள் நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருப்பதாகவே அந்தத் தம்பதியர் நம்பியிருந்தார்கள்.

ஆகவே ஒரு தாளில் பாலிசி எண், யார் உயிர்மீது, இறந்தால் எவ்வளவு, ஆண்டுத் தவணை, நியமனதாரர் (இறந்தபின் பணத்தைப் பெறக் குறிக்கப்பட்டவர்) யார் ஆகியவற்றை எழுதுங்கள். நினைவில் இல்லாத காப்புகளையும் தேடிச் சேருங்கள். பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்துக்காக வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 436 ரூபாய் கழிந்துகொண்டிருந்தால் 2 லட்சம் ரூபாய்க் காப்பு இருக்கிறது. சுரக்ஷா திட்டத்துக்கு 20 ரூபாய் கழிந்தால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் உண்டு. வருங்கால வைப்பு நிதியில் உள்ள ஊழியர் பணியில் இருக்கும்போது இறந்தால், அதனுடன் இணைந்த காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டில் வளைகுடாவுக்கு வேலைக்குச் சென்றவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பு இருக்கும்.

விபத்துக் காப்பையும் ஆயுள் காப்பையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். மாரடைப்பால் இறந்தால் விபத்துக் காப்பிலிருந்து எதுவும் வராது.

3. யாருடைய உயிர்மீது என்பதை முடிவு செய்யுங்கள்

யாருடைய வருமானம் நின்றால் அடுப்பு எரியாதோ, அவருக்கே முதல் பாலிசி. கணவன், மனைவி இருவரும் சம்பாதித்தால் இருவருக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். பிள்ளையின் பெயரில் எடுக்கும் பாலிசி சேமிப்பாக இருக்கலாம். குடும்பத்துக்கு அது பாதுகாப்பு ஆகாது.

பெரிய நோய் உறுதியானால் மொத்தமாகப் பணம் தரும் தீவிர நோய்க் காப்புக்கு இந்த விதி மாறும். வருமானம் இல்லாத இல்லத்தரசிக்குப் புற்றுநோய் வந்தாலும், உடன் செல்பவரின் வேலை நிற்கும், பிள்ளைகளைப் பார்க்க ஆள் வைக்க வேண்டும், பயணச் செலவு ஏறும். ஆகையால் அந்தக் காப்பை மனைவிக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

4. தேவையான தொகையைக் கணக்கிடுங்கள்

ஆண்டு வருமானத்தைப்போல் பதினைந்து மடங்கு என்று சொல்வார்கள். தோராயத்துக்கு அது உதவும். ஆனால் கடன் மிகுந்த வீட்டுக்குப் போதாது. ஆகையால் கணக்குப் போட்டுப் பார்ப்பதே சரி. விளவங்கோடு வட்டத்திலிருந்து வளைகுடாவுக்குச் சென்று எலக்ட்ரீஷியனாக வேலை பார்க்கும் 34 வயதுக்காரரின் வீட்டை எடுத்துக்கொள்வோம்.

ஊரில் குடும்பம் நடக்க மாதம் 28,000 ரூபாய் ஆகிறது, ஆண்டுக்கு 3,36,000. இளைய பிள்ளைக்கு நான்கு வயது. அது தன் காலில் நிற்க இன்னும் 20 ஆண்டுகளாவது வேண்டும். ஆகவே 67,20,000 ரூபாய். கிடைக்கும் தொகையை வைப்பில் போட்டால் வட்டி வருமே என்று கேட்கலாம்; விலைவாசியும் அதே அளவுக்கு ஏறும் என்று வைத்து இரண்டையும் விட்டுவிட்டால் கணக்கு எளிதாகும், பெரிதும் பிசகாது.

இதனுடன் வீட்டுக் கடன் 14 லட்சம், நகைக்கடன் 3 லட்சம், இரு பிள்ளைகளின் மேற்படிப்புக்கு 15 லட்சம் என 32 லட்சத்தைச் சேர்த்தால் 99,20,000. இதிலிருந்து வங்கி வைப்பு 4 லட்சத்தையும் ஏற்கெனவே உள்ள ஆயுள் காப்பு 11 லட்சத்தையும் கழித்தால் 84,20,000 மிஞ்சும். இவர் 85 லட்சத்துக்குக் குறையாமலும், இயன்றால் 1 கோடிக்கும் எடுக்க வேண்டும்.

கழிக்கக் கூடாதவை இரண்டு உண்டு. குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கழிக்காதீர்கள். அதை விற்றுச் சாப்பிட முடியாது. மகளுக்கென்று வைத்திருக்கும் நகையையும் கழிக்காதீர்கள். மறுபுறம், கடன் பட்டியலில் பலர் விட்டுவிடுவது சிட்டிப் (ஏலச்சீட்டுப்) பாக்கி. சிட்டியை முன்னதாகவே பிடித்துவிட்டவர் இறந்தால், மீதித் தவணைகள் குடும்பத்தின் தலையில்தான் விழும். நண்பருக்காகப் போட்ட ஜாமீனையும் எழுதிக்கொள்ளுங்கள்.

5. டேர்ம் பாலிசியைத் தேர்ந்தெடுங்கள்

மேற்சொன்ன தொகையை எட்டுவதற்கு டேர்ம் பாலிசியைத் தவிர வேறு வழி சாதாரணக் குடும்பத்துக்கு இல்லை. இறந்தால் மட்டும் பணம் வரும். காலம் முடிந்தால் எதுவும் திரும்பாது. அதனால்தான் விலை குறைவு. புகைபிடிக்காத, உடல்நலம் உள்ள 30 வயதுக்காரர் 60 வயதுவரை 1 கோடிக்கு எடுத்தால், ஆண்டுக்குச் சுமார் 10,000 முதல் 15,000 ரூபாய்க்குள் முடியும். கருங்கல் வீட்டில் 84,000 ரூபாய் கட்டி வாங்கியிருந்த 11 லட்சத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, சம்பாதிப்பை நிறுத்தப்போகும் வயதுவரை, அதாவது 60 அல்லது 65 வரை எடுத்தால் போதும். 85 அல்லது 99 வயதுவரை என்று நீட்டினால் தவணை கணிசமாக ஏறும். அந்த வயதில் உங்கள் வருமானத்தை நம்பி யாரும் இருக்கமாட்டார்கள். கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் வகையைப் பலரும் விரும்புகிறார்கள். அதற்குக் கூடுதலாகக் கட்டும் பணத்தை அஞ்சலகத்திலோ பொது வருங்கால வைப்பு நிதியிலோ போட்டால் எவ்வளவு வளரும் என்று கணக்கிட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். நான் உடனிருந்து கணக்கிட்ட எல்லா வீடுகளிலும் சாதாரண டேர்ம் பாலிசியே மேலாக இருந்தது.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆண்டறிக்கையில் வரும் இறப்புக் கிளெய்ம் விகிதத்தை, அதாவது வந்த கோரிக்கைகளில் எவ்வளவுக்குப் பணம் கொடுத்தது என்பதை, பாருங்கள். ஓராண்டை மட்டும் பார்க்காமல் தொடர்ந்து சில ஆண்டுகளைப் பாருங்கள். எண்ணிக்கை அடிப்படையிலான விகிதத்துடன் தொகை அடிப்படையிலான விகிதமும் அதில் இருக்கும். பெரிய தொகைக் கிளெய்ம்களை நிறுவனம் எப்படி நடத்துகிறது என்பதை இரண்டாவது காட்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஜிஎஸ்டி இல்லை. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை யாராவது காட்டினால் புதியதைக் கேளுங்கள். வரிச் சலுகைக்காகப் பாலிசி எடுப்பதையும் விட்டுவிடுங்கள். புதிய வருமான வரி முறையில், காப்பீட்டுத் தவணைக்கான 80சி, 80டி கழிவுகள் கிடையாது.

ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் முந்திரி ஆலையில் வேலை செய்யும் பெண்ணுக்கும் வருமானச் சான்று இல்லாமல் 1 கோடி கிடைக்காது. அவர்களுக்காகவே சரல் ஜீவன் பீமா என்ற பொதுவடிவ டேர்ம் பாலிசி 2021 ஜனவரியில் வந்தது. 18 முதல் 65 வயது வரையுள்ளவர்கள் 5 லட்சம் முதல் 25 லட்சம் வரை எடுக்கலாம். தொழிலையோ படிப்பையோ காரணம் காட்டி விலக்கக் கூடாது என்பது அதன் விதி. முதல் 45 நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டுமே முழுத் தொகை கிடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

6. அதற்குப் பிறகே தீவிர நோய்க் காப்பீடு

இதை மருத்துவமனைச் செலவுக் காப்பீட்டோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் மெடிக்ளெய்ம் பாலிசியும் மருத்துவமனைச் செலவை ஏற்பவை. தீவிர நோய்க் காப்பீட்டில், பட்டியலிட்ட நோய் உறுதியானால் மொத்தத் தொகையும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். மருத்துவமனைச் செலவு எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். ஆகவே இரண்டும் வேண்டும். முன்னது இல்லாமல் பின்னதை மட்டும் எடுப்பது சரியான வரிசை ஆகாது.

இந்தப் பணம் எதற்கு என்பதை நம் ஊர் நிலையில் யோசித்துப் பாருங்கள். புற்றுநோய் என்றால் நம்மில் பலர் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குத்தான் போகிறோம். அங்கே மாதக்கணக்கில் போய்வரும் கார் வாடகை, பக்கத்தில் எடுக்கும் அறை, உடன் செல்பவர் இழக்கும் கூலி, சாப்பாடு ஆகியவற்றை எந்த மருத்துவமனை ரசீதிலும் காண முடியாது. ஆகையால் இரண்டு ஆண்டு வருமானமும் இந்தச் செலவுகளும் சேர்ந்த தொகைக்குக் குறையாமல் எடுங்கள். மாதம் 40,000 ரூபாய் சம்பாதிப்பவருக்கு அது 10 முதல் 15 லட்சம் வரை வரும்.

தேர்ந்தெடுக்கும்போது எத்தனை நோய்கள் என்ற எண்ணிக்கைக்கு மயங்காதீர்கள். ஒரு திட்டத்தில் 20 இருக்கும், இன்னொன்றில் 60-க்கு மேல் இருக்கும்; குடும்பங்களை உண்மையில் சாய்ப்பவை புற்று, மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகிய சில நோய்களே. அந்தச் சிலவற்றின் வரையறையைப் படியுங்கள். முக்கியமான நோய்களுக்கு ஒழுங்குமுறை ஆணையம் பொதுவான வரையறைகளை வகுத்திருக்கிறது. அவை நாம் பேச்சில் சொல்லும் பொருளைவிடக் குறுகியவை.

புற்றுநோயில், பரவாத ஆரம்பநிலைக் கட்டிகளும், தொடக்கநிலைத் தைராய்டுப் புற்றும், மெலனோமா அல்லாத தோல் புற்றும் அடங்கா. இதயத்தில், நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸ் அறுவைக்குப் பணம் உண்டு. ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி அந்த வரையறைக்குள் வராது. சிறுநீரகத்துக்கு, தொடர்ந்து டயாலிசிஸ் செய்யவேண்டிய நிலை அல்லது மாற்று அறுவை வேண்டும். கிரியாட்டினின் கூடியிருப்பது போதாது. பக்கவாதத்தில், நிரந்தரப் பாதிப்பு குறைந்தது மூன்று மாதங்கள் நீடித்ததற்குச் சான்று கேட்பார்கள். அந்த மூன்று மாதச் செலவுக்கு வேறு பணம் இருக்க வேண்டும் என்பதால் சிறு அவசர இருப்பும் தேவை.

இரண்டு காலக்கெடுக்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பாலிசி தொடங்கியபின் பெரும்பாலும் 90 நாட்களுக்குக் காத்திருப்பு உண்டு. அதற்குள் நோய் தெரியவந்தால் பணம் இல்லை. மேலும் நோய் உறுதியான பின் குறிப்பிட்ட நாட்கள், பல திட்டங்களில் 30 நாட்கள், நோயாளி உயிரோடு இருக்க வேண்டும். இது குறைவாக உள்ள திட்டமே மேல்.

தனிப் பாலிசியா, டேர்ம் பாலிசியுடன் இணைக்கும் ரைடரா? ரைடர் மலிவு. ஆனால் நோய்க்காகக் கொடுக்கும் தொகை இறப்புக் காப்பிலிருந்து கழியுமா என்று எழுத்தில் கேளுங்கள். கழியும் வகையாக இருந்தால், 1 கோடிக் காப்பில் 15 லட்சம் நோய்க்குப் போனபின் குடும்பத்துக்கு 85 லட்சமே மிஞ்சும். கழியாத வகையை எடுக்க முடியாவிட்டால் ஆயுள் காப்பை அந்த அளவுக்குக் கூட்டி எடுங்கள். தனிப் பாலிசியில் வயது ஏறும்போது தவணையும் ஏறும். 50 வயதிலும் 60 வயதிலும் எவ்வளவு ஆகும் என்ற அட்டவணையை வாங்கிப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.

7. முன்மொழிவுப் படிவத்தை (விண்ணப்பத்தை) நீங்களே நிரப்புங்கள்

எனக்கு நெருங்கிய உறவில் ஒரு பெண்மணி இருக்கிறார். அவருடைய கணவருக்குப் பாலிசி எடுக்கும் முன்பே ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. தினமும் மாத்திரை சாப்பிட்டு வந்தார். படிவம் நிரப்பும்போது அதை அவர் சொல்லவும் செய்தார். “லேசான சுகர்தானே அண்ணா, அதையெல்லாம் எழுதினால் மெடிக்கல் கேட்பார்கள், தாமதமாகும்” என்று முகவர் எல்லாக் கேள்விக்கும் “இல்லை” என்று குறித்துவிட்டார். பாலிசியின் இரண்டாம் ஆண்டில் அந்தக் கணவர் மாரடைப்பால் இறந்தார். மருத்துவமனையின் அனுமதிக் குறிப்பில், நோயாளியின் வரலாறு என்ற இடத்தில், சர்க்கரை நோய் ஆறு ஆண்டுகளாக என்று ஒரே வரி இருந்தது. அந்த வரியைக் காட்டி நிறுவனம் கிளெய்மை மறுத்தது. முகவர் சொல்லித்தான் அப்படி எழுதினோம் என்பதற்கு அந்தப் பெண்மணியிடம் எந்தச் சான்றும் இல்லை. படிவத்தில் இருந்ததோ அவருடைய கணவரின் கையெழுத்து. இன்றும் அந்தத் தாளை அவர் மடித்து வைத்திருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம், அன்று நான் உடனிருந்திருந்தால் அந்த ஒரு கட்டத்தில் “ஆம்” என்று எழுதச் செய்திருப்பேனே என்ற வேதனை எனக்கு வரும்.

காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி, பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்தபின் எந்தக் காரணத்தைச் சொல்லியும் நிறுவனம் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. மூன்று ஆண்டு தாண்டிவிட்டால் போதும் என்று எண்ணி மறைப்பவர்கள் உண்டு. அந்த மூன்று ஆண்டுக்குள் ஒன்றும் நேராது என்று யாரால் சொல்ல முடியும்? மேலும் தவணை தவறி, பாலிசி காலாவதியாகி, மீண்டும் உயிர்ப்பித்தால் அந்த மூன்று ஆண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். இதை அறியாதவர்களே மிகுதி.

ஆகவே படிவத்தில் இவற்றைக் கட்டாயம் எழுதுங்கள்: சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, ஆஸ்துமா, எப்போதோ நடந்த அறுவை, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை, பெற்றோர், உடன்பிறந்தாரின் இதய நோய், புற்றுநோய், மது, ஏற்கெனவே உள்ள மற்ற பாலிசிகள், இதற்கு முன் வேறு நிறுவனம் மறுத்திருந்தால் அதுவும். புகையிலை என்றால் சிகரெட் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பீடியும் வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையும் அதில் அடங்கும். சிறுநீர்ப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

தொழிலையும் உள்ளபடி எழுதுங்கள். ஆழ்கடலுக்குச் செல்பவர் “வியாபாரம்” என்றோ, வளைகுடாவில் இருப்பவர் உள்ளூர் முகவரியை மட்டும் கொடுத்தோ எடுத்த பாலிசி பின்னால் சிக்கலாகும். உண்மையைச் சொன்னால் தவணை சற்றுக் கூடலாம். அந்தக் கூடுதல் தொகைதான் கிளெய்மை உறுதியாக்குகிறது. மருத்துவப் பரிசோதனையை நீங்களே விரும்பிக் கேளுங்கள். நிறுவனமே பரிசோதித்து ஏற்றுக்கொண்ட உடல்நிலையைப் பின்னர் அது மறுப்பது கடினம்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். இணையவழியில் எடுத்தால், கைபேசிக்கு வரும் ஓடிபியைச் சொல்வதும் கையெழுத்திடுவதும் ஒன்றே. எல்லாப் பதில்களையும் திரையில் படித்தபிறகே சொல்லுங்கள். முதல் தவணையை நானே கட்டிவிடுகிறேன் என்று முகவர் சொன்னால் ஏற்காதீர்கள். கமிஷனை இப்படிப் பங்கிடுவதைக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தடைசெய்கிறது.

8. பணம் யார் கைக்குப் போகும் என்பதை எழுதுங்கள்

நியமனதாரராக மனைவியையோ கணவரையோ பிள்ளைகளையோ பெற்றோரையோ குறித்தால், காப்பீட்டுச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அவர்கள் அந்தப் பணத்துக்கு உரியவர்களாகவே கருதப்படுகிறார்கள். திருமணத்துக்கு முன் தாயின் பெயரைப் போட்டு, பின்னர் மாற்ற மறந்தவர்கள் மிகப் பலர். இரண்டாம் படியில் எழுதிய தாளில் இதைச் சரிபாருங்கள். நியமனதாரர் 18 வயது நிரம்பாதவர் என்றால், அவர் சார்பில் பணம் பெறுபவரையும் குறிக்க வேண்டும்.

கடன் உள்ள திருமணமான ஆண்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுத்தால், அந்தப் பணம் மனைவி மக்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாகிவிடும். கடன் கொடுத்தவர்கள் அதில் கைவைக்க முடியாது. விண்ணப்பிக்கும்போதே இதைத் தேர்வு செய்ய வேண்டும். பின்னால் சேர்க்க இயலாது. பயனாளிகளை நீங்கள் நினைத்தபோது மாற்றவும் முடியாது என்பதால், மனைவியோடு கலந்து பேசி முடிவெடுங்கள்.

9. பாலிசி வந்தவுடன் 30 நாட்களுக்குள் படியுங்கள்

பாலிசி கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனை, முத்திரைச் செலவு போன்றவை கழிந்து பணம் திரும்பும். பாலிசியோடு உங்கள் விண்ணப்பத்தின் நகலும் இணைந்திருக்கும். முதலில் அதையே படியுங்கள். ஏதேனும் ஒரு பதில் தவறாகப் பதிவாகியிருந்தால் எழுத்தில் திருத்தம் கேட்டு, ஒப்புகையைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.

பழைய சேமிப்புப் பாலிசிகளை நிறுத்த நினைப்பவர்கள், புதிய டேர்ம் பாலிசி கைக்கு வந்து இந்தச் சரிபார்ப்பும் முடிந்த பிறகே அதைச் செய்ய வேண்டும். முன்னதாகவே நிறுத்திவிட்டு, புதிய விண்ணப்பம் உடல்நிலை காரணமாக மறுக்கப்பட்டால் இரண்டும் இல்லாமல் நிற்க நேரும்.

10. தவணையை வருமானம் வரும் காலத்தோடு பொருத்துங்கள்

பாலிசி தொடங்கிய தேதியே ஆண்டுதோறும் தவணைத் தேதியாக அமையும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ரப்பரில் இலையுதிரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் தொடர்மழையிலும் வெட்டு நின்றுவிடும். அந்த மாதங்களில் தவணை விழுந்தால் தவறவே செய்யும். இதற்காகப் பாலிசி எடுப்பதை மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. தேதி அப்படித்தான் அமைகிறதென்றால், தொழில் நடக்கும் மாதங்களில் சிறிது சிறிதாகத் தனிக் கணக்கில் ஒதுக்கி, தானாகக் கழியும்படி வங்கிக்கு உத்தரவு கொடுங்கள்.

ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்கு 30 நாட்களும் மாதத் தவணைக்கு 15 நாட்களும் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் இறப்பு நேர்ந்தாலும் காப்பு உண்டு; அதைத் தாண்டினால் இல்லை.

11. கடலுக்குப் போகிறவர்களின் வீட்டில் கூடுதலாக ஒன்று

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கடலில் இருந்தவர்களில் பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்றிதழ் எளிதில் வராது. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்ததாகக் கருதலாம் என்பதே பொதுவான சட்ட நிலை. அத்தகைய நேரத்தில் அரசு தனியாக ஆணை பிறப்பித்தால் மட்டுமே சான்றிதழ் முன்னதாகக் கிடைக்கும். அந்தக் காலம் முழுவதும் பாலிசி நடப்பில் இருக்கக் குடும்பம் தவணையைக் கட்டிவர வேண்டும். ஆள் போய்விட்டாரே என்று நிறுத்திவிட்டால் உரிமை சிக்கலாகும்.

எனவே பாலிசி எண், தவணைத் தேதி, எந்தக் கணக்கிலிருந்து கழிகிறது ஆகியவை மனைவிக்கோ வளர்ந்த பிள்ளைக்கோ தெரிந்திருக்க வேண்டும். மீன்வளத் துறை வழியாகப் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கிடைக்கும் குழு விபத்துக் காப்பில், விபத்து மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய் உண்டு. அதில் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதைச் சங்கத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

12. கிளெய்ம் செய்யும் நாளில்

இறப்பை 21 நாட்களுக்குள் உள்ளாட்சியில் பதியுங்கள். பதியும்போதே பெயர் பாலிசியில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். துக்க வீட்டில் இந்த வேலையை நிதானமுள்ள ஒருவரிடம் ஒப்படைப்பது நல்லது. பிறகு கிளெய்ம் படிவம், அசல் பாலிசி, நியமனதாரரின் அடையாளச் சான்று, ரத்து செய்த காசோலை, மருத்துவமனைக் குறிப்புகள் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். விபத்து என்றால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் சேரும். வெளிநாட்டில் இறந்தவருக்கு, அந்நாட்டுச் சான்றிதழுடன் இந்தியத் தூதரகத்தின் பதிவும் வேண்டும்.

தீவிர நோய்க் கிளெய்முக்கு, நோயை உறுதிசெய்த பயாப்சி அல்லது ஸ்கேன் அறிக்கையின் தேதியே முக்கியம்; 90 நாள் கணக்கும் 30 நாள் கணக்கும் அதை வைத்தே பார்க்கப்படும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறும்போது முதல் அறிக்கையைத் தொலைத்துவிடுபவர்கள் உண்டு. ஒவ்வொரு தாளையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமற்றதாக இருந்தாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் பீமா பரோசா இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். எதைக் கொடுத்தாலும் தேதியிட்ட ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த இடத்தில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.